எடிட்டர் மாற்றிய மாப்பிள்ளை

தூத்துக்குடி மில்லர்புரம் முழுக்க விசாரித்தாலும் ஜெஃப்ரியைப் பற்றிக் குறை சொல்ல ஆள் கிடைக்காது. குடி கிடையாது, சிகரெட் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவான். அவனுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் எடிட்டர் மாற்றுவது. வாயில் வாடை அடிக்காத பழக்கம் என்பதால் பெண் வீட்டார் விசாரிக்க வந்தபோது யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர்களுக்குப் புரிந்திருக்காது.

எடிட்டர் என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வெப்சைட் செய்கிறவர்கள் கோடிங் தட்டுகிற சாஃப்ட்வேர், அவ்வளவுதான். எதில் தட்டினாலும் அதே எழுத்துதான் விழும். எதில் தட்டியது என்று வெப்சைட்டைப் பார்க்கிறவனுக்குத் தெரியப்போவதும் இல்லை, அவன் கேட்கப்போவதும் இல்லை. இதை ஜெஃப்ரியிடம் சொல்லிவிட்டு நீங்கள் லேசில் வீடு போய்ச் சேர முடியாது. உட்கார வைத்து, லேப்டாப்பைத் திறந்து, ஆதியிலிருந்து ஆரம்பிப்பான்.

பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு மெடிக்கல் ஸ்டோருக்கு மேல்மாடியில் அவன் ஆபீஸ். ஆஸ்திரேலியாவில் இருக்கிற பல் டாக்டர்களுக்கும் நாய் வளர்ப்பவர்களுக்கும் இங்கே இருந்து வெப்சைட் செய்து கொடுக்கிற கம்பெனி. புதிதாக ஒரு எடிட்டர் வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் மறுநாளே அதை ஏற்றிவிட்டு, பழையதை வைத்திருப்பவர்களைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்ப்பான். இடையில் வேலையும் செய்வான், மேனேஜர் பின்னால் வந்து நின்றால்.

இப்படிப்பட்டவனுக்குச் சாத்தான்குளத்தில் பெண் அமைந்தது. ஜெனிலா. தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறாள். வருகிற கப்பலுக்கு வேண்டிய பேப்பர்களைத் தயார் செய்வது அவள் பொறுப்பு. அப்பா நேசக்குமார் சாத்தான்குளம் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பெண்ணுக்குப் பையனைப் பிடித்திருந்தது, பையனுக்குப் பெண்ணை ரொம்பவே பிடித்திருந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கல்யாணக் கார்டு பற்றிப் பேச்சு வருகிற வரைக்கும்.

"ஏல ஜெஃப்ரி, கார்டு எம்புட்டு அடிக்கணும்னு பிரஸ்ல கேக்காவ" என்றார் அப்பா செல்வதுரை சார்.

"கார்டே வேண்டாம்ப்பா. நான் வெப்சைட் போடுதேன்."

நிச்சயத்துக்கு வந்திருந்த கூட்டம் மொத்தமும் அவனைத் திரும்பிப் பார்த்தது. ஜெஃப்ரிக்கு அது போதும். எழுந்து நின்று விளக்கினான். ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஒரு லிங்க். தொட்டால் அந்த வீட்டுக்காரர் பெயர் சொல்லி வரவேற்கும். கோயிலுக்கு வழி காட்டும், மணப்பெண் படம் மாப்பிள்ளை படம் மாறி மாறி வரும், பின்னால் மெல்லிசாகப் பாட்டு ஓடும். நேசக்குமார் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "மாப்ள சொன்னா சரிதான்" என்றார். மறுநாள் கடைக்கு ஆணி வாங்க வந்தவனிடம்கூட இதைச் சொல்லிவிட்டுத்தான் ஆணியை நிறுத்துக் கொடுத்தார்.

நாசரேத், சாத்தான்குளம் பக்கத்துக் கல்யாணத்தில் இரண்டு காரியம் பிசகக் கூடாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். முதலாவது ஓலை. கல்யாணத்துக்கு முந்தின மூன்று ஞாயிறும் கோயிலில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று போதகர் வாசிப்பார். தடையெல்லாம் யாரும் சொல்வதில்லை. இரண்டாவது அழைப்பு. அதில்தான் தடையெல்லாம் இருக்கிறது. வீட்டுக்காரரும் வீட்டுக்காரியுமாக நேரில் போய், உட்கார்ந்து, காபி குடித்து, கார்டைக் கையில் கொடுத்து, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். கதவிடுக்கில் சொருகிவிட்டு வந்தால் அது அழைப்பு ஆகாது. போனில் சொன்னால் தகவல் என்று எடுத்துக்கொள்வார்கள். அழைக்காமல் விடப்பட்ட வீட்டார் சண்டைக்கு வர மாட்டார்கள். கல்யாணத்துக்கும் வர மாட்டார்கள்.

செல்வதுரை சார் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், சொந்த ஊர் நாசரேத். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறார், பந்த் அன்றைக்கு மீன் லாரியில் ஏறிப் போயிருக்கிறார். காலையில் நாசரேத்தில் ஒன்று, மத்தியானம் மெஞ்ஞானபுரத்தில் ஒன்று என்று ஒரே வெள்ளைச் சட்டையில் இரண்டு கல்யாணத்தைப் பார்த்துவிட்டு வருவார். இதெல்லாம் எதற்கு என்றால், அவருக்கு ஒற்றைப் பிள்ளை. அந்தப் பிள்ளை கல்யாணத்தில் இந்தச் சொந்தம் மொத்தமும் வந்து கோயிலில் மாப்பிள்ளை வீட்டுப் பெஞ்சுகளை அடைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அவருக்கு அதைத் தவிர வேறு ஆசை கிடையாது, அதை அவர் யாரிடமும் மறைத்ததும் கிடையாது.

"அப்பம் வீட்டுக்குப் போய் அழைக்க வேண்டாங்கியா?" என்று கேட்டார்.

"யார் சொன்னா? வீடு வீடாப் போவோம். ஆனா கார்டைக் கையில குடுக்கதுக்குப் பதிலா, அவங்க கண்ணு முன்னாலேயே அவங்க பேரு போட்டு சைட்டைத் திறந்து காட்டுவோம். அசந்துருவாவ. சைட் முடிஞ்ச அன்னைக்கே கெளம்பிருவோம்ப்பா."

சாருக்கு இது நியாயமாகப் பட்டது. மகன் படித்தவன், தானே படிக்க வைத்தது.

மறுநாள் ஆபீசில் ஜெஃப்ரி தினமும் பயன்படுத்துகிற விஎஸ் கோட் என்ற எடிட்டரைத் திறந்து, கல்யாண வெப்சைட்டுக்கு ஒரு ஃபைல் ஆரம்பித்து, 'கர்த்தருடைய கிருபையால்' என்று முதல் வரியைத் தட்டினான். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து சீட்டு லிங்கராஜ் எட்டிப் பார்த்தான். லிங்கராஜ் விளாத்திகுளத்துப் பையன். வேறு தப்பு ஒன்றும் அவன் மேல் சொல்ல முடியாது.

"அண்ணே, சொந்தக் கல்யாணத்துக்கும் ஆபீஸ் எடிட்டர்தானா?" என்றான்.

சும்மா கேட்டதுதான். கேட்டுவிட்டு அவன் டீ குடிக்கப் போய்விட்டான். ஆனால் ஜெஃப்ரிக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. பல் டாக்டருக்குச் செய்த அதே எடிட்டரில் என் கல்யாணத்தைச் செய்வதா என்று ஒரு நினைப்பு. சப்ளைம் என்ற எடிட்டரை ஏற்றினான். ஏற்றினால் மட்டும் போதுமா? புது வீட்டுக்குப் போனால் வெள்ளையடிக்க வேண்டாமா? முதலில் கலர். மூன்று நாள் கலர் பார்த்தான். கறுப்பு கண்ணை உறுத்தியது, வெள்ளை தூக்கத்தைக் கெடுத்தது. கடைசியில் கருநீலத்தில் ஒன்று அகப்பட்டது. பிறகு எழுத்துரு. பூஜ்யத்துக்கு நடுவில் ஒரு புள்ளி இருக்கலாமா, கோடு இருக்கலாமா என்பதில் ஒரு நாள் போனது. அழைப்பிதழில் பூஜ்யம் வருகிற இடம் கல்யாணத் தேதி ஒன்றுதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செல்வதுரை சார் தேய்த்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் அம்மாவும் நல்ல சேலையில் இருப்பாள்.

"போவமால?"

"முடிஞ்சிரும்ப்பா. செட்டிங்ஸ் ஓடிட்டிருக்கு."

சார் தலையாட்டிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். மறுநாளைக்கும் அதே சட்டை, மடிப்புக் கலையாமல்.

எடிட்டர் மாற்றுகிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. மனசு மாறிவிடும், விரல் மாறாது. பழைய எடிட்டரில் சேமிப்பதற்கும் தேடுவதற்கும் பழகின விரல் புது எடிட்டரில் வேறு எதையோ அமுக்கி வேறு எதையோ திறந்தது. அதற்கு மருந்து விரலைப் பழக்குவது. ஜெஃப்ரி அதைச் செய்யவில்லை. விரலுக்கென்றே உண்டாக்கப்பட்ட எடிட்டருக்கு மாறிவிடுவது என்று முடிவு செய்தான். அதன் பெயர் விம். மவுஸே தேவையில்லை, எல்லாம் கீபோர்டுதான். மவுஸைப் பிடுங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினான். அடுத்த வரிக்கு இறங்க 'ஜே' என்ற எழுத்தை அமுக்க வேண்டும், எழுதினதைச் சேமித்து மூட ஒரு கோலன், ஒரு டபிள்யூ, ஒரு க்யூ. இரண்டு வாரத்தில் விரல் அதற்குப் பழகியது. பழகின விரல் ஜெனிலாவுக்கு வாட்ஸப் அனுப்பும்போதும் சும்மா இருக்கவில்லை.

'சாப்பிட்டியா' என்று கேட்டு, பின்னாலேயே கோலன் டபிள்யூ க்யூ என்று போயிருந்தது.

"கடைசில இருக்கது என்னது அத்தான், முத்தமா?" என்று பதில் வந்தது.

எந்த மடையனும் ஆமாம் என்று சொல்லியிருப்பான். ஜெஃப்ரி அந்தக் கட்டளையின் வரலாற்றை ஒரு வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்பினான். அது நீளமாக இருந்தது. ஜெனிலா பாதி வரை கேட்டாள் என்று நினைக்கிறேன்.

இதற்குள் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. அன்று மத்தியானமே நாசரேத்திலிருந்து சாரின் தங்கை கிரேசி போன் பண்ணினாள். நாசரேத் சொந்தத்துக்கெல்லாம் கிரேசி அத்தைதான் தலை. அவள் கிளம்பினால் தெருவே கிளம்பும், அவள் உட்கார்ந்தால் தெருவே உட்காரும்.

"ஜெஃப்ரிக்கு ஓலை வாசிச்சாவளாம்லாண்ணே. நல்லாருக்கட்டும்."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். சார் போனைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தார்.

"நாம ரெண்டு பேருமாவது போயிட்டு வந்துருவம்" என்றாள் அம்மா.

"கையில என்னத்தக் குடுப்ப? வெப்சைட் வருது, பாக்கத்தான் போறியன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. இப்பம் வெறுங்கைய வீசிட்டுப் போனா கிரேசி சிரிக்க மாட்டாளா?"

அந்த வாரத்தில் ஒருநாள் வேலை முடிந்து ஜெனிலா முத்துநகர் கடற்கரைக்கு வரச் சொன்னாள். ஜெஃப்ரி லேப்டாப்போடு போனான். உப்புக்காற்றில் திறக்கலாமா என்று யோசித்துவிட்டு, பெருமை தாங்காமல் திறந்தான். கருநீலத் திரை, அதில் மூலைக்கு மூலை குட்டிக் குட்டி அடையாளங்கள், அடியில் ஒரு பச்சைப் பட்டை.

"இதுதான் நம்ம சைட்டா அத்தான்?"

"இல்ல, இது எடிட்டர். அந்தக் கலரு விம்முக்குக் கெடையாது. நான்தான் பழைய எடிட்டர்ல இருந்து இங்கன கொண்டாந்தேன். நல்லாருக்கா?"

"நல்லாருக்கு. சைட் எங்க?"

ஃபைலைத் திறந்தான். 'கர்த்தருடைய கிருபையால்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. எடிட்டருக்கான செட்டிங்ஸ் ஃபைல் தனியாக இருந்தது, அதை இழுத்துக் கடைசி வரை காட்டவே நேரமாகும்.

"அம்புட்டுத்தானா?"

"அஸ்திவாரம் போட்டாச்சு ஜெனிலா. இனி மளமளன்னு கட்டிறலாம்."

ஜெனிலா கடலைப் பார்த்தாள். தூரத்தில் ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் வருவதற்காகக் காத்து நின்றது.

"எங்க ஆபீஸ்ல கப்பல் உள்ள வாரதுக்கு முன்னயே பேப்பர் எல்லாம் ரெடியா இருக்கணும். கப்பல் வந்தப் பெறவு, நல்ல பேனா தேடிட்டு இருந்தேன்னு சொன்னா கேப்டன் என்ன சொல்லுவான்?"

"பேனா வேற, எடிட்டர் வேற."

"சரி, வேறயே இருக்கட்டும். எங்கப்பா பொறுத்துப் பாத்துட்டு கார்டு அடிக்கக் குடுத்துட்டாவ. எங்க பக்கம் நாளையில இருந்து அழைக்கப் போறாவ. உங்களுக்கும் சேத்து அடிக்கச் சொல்லவா? மாமா பாவம் அத்தான், தெனமும் சட்டையப் போட்டுட்டு உக்காந்திருக்காவளாம். உங்கம்மாதான் போன்ல சொன்னாவ."

ஜெஃப்ரிக்கு முகம் சுருங்கிவிட்டது. "வெப் டெவலப்பர் கல்யாணத்துக்குக் கார்டா? ஆபீஸ்ல என்னைப் பத்தி என்ன நெனைப்பாவ?"

"ஆபீஸ்ல இருந்து எத்தன பேரு வாராவ?"

"லிங்கராஜ் வாரான்."

"நாசரேத்துல இருந்து?"

அவன் லேப்டாப்பில் படிந்த உப்பைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் வேண்டுமென்றே செய்கிறவன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவளுக்குக் கோபம் கூடுதலாக வந்தது. ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

இரண்டாவது ஓலை வாசித்தார்கள். செல்வதுரை சார் அன்றைக்குச் சாயங்காலம் மகன் அறைக்குள் வந்து, கட்டிலில் உட்கார்ந்து, இதுவரை இல்லாத தணிந்த குரலில், "கொஞ்சமாக் கார்டும் அடிச்சு வச்சுக்கிடுவமால? ஒரு இதுக்கு" என்று கேட்டார்.

"என் மேல நம்பிக்கை இல்லையாப்பா?"

மகன் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கிவிட்டது. ஒற்றைப் பிள்ளையின் கண் கலங்கினால் கணக்கு வாத்தியாருக்கும் கணக்கு தப்பிவிடும். "இருக்குல, இருக்கு" என்று முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவது ஓலையும் ஆயிற்று. புதன்கிழமை கல்யாணம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெஃப்ரி மறுபடியும் எடிட்டர் மாற்றினான். இந்த முறை ஏஐ எடிட்டர். என்ன வேண்டும் என்று பேச்சுவழக்கில் சொன்னால் போதும், அதுவே கோடிங்கை எழுதிவிடும். லிங்கராஜ்தான் சொன்னான். நீ மாறிவிட்டாயா என்று கேட்டதற்கு, "நான் எங்கண்ணே மாறினேன், எனக்கு வேலை கெடக்குல்லா" என்றான்.

திங்கட்கிழமை காலை ஜெஃப்ரி தனக்கு வேண்டியதையெல்லாம் அதனிடம் சொல்லிவிட்டுத் தெருமுனையில் டீ குடிக்கப் போனான். திரும்பி வருவதற்குள் வெப்சைட் முடிந்திருந்தது. வீட்டுக்கு வீடு பெயர் சொல்லி வரவேற்றது, வழி காட்டியது, படம் மாறியது, பாட்டுக்கூட ஓடியது. ஒரு நிமிஷம் அவனுக்கு அழுகை வந்தது. சந்தோஷமா, இத்தனை வாரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்ற நினைப்பா என்று அவனே பார்த்துக்கொள்ளவில்லை. எடிட்டர் மரியாதையாக இன்னொன்றும் கேட்டது. வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே பார்க்க நேரலை வசதி சேர்க்கட்டுமா? சேர், சேர் என்றான். கேட்காமலே எவ்வளவு யோசிக்கிறது பார் என்று மெச்சிக்கொண்டான்.

லிங்கை எல்லா வீட்டுக்கும் அனுப்பினான். மத்தியானத்துக்குள் இதயமும் பூச்செண்டும் வந்து குவிந்தன. செல்வதுரை சார் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

"முடிஞ்சிட்டுல்லா? வா, இன்னைக்கும் நாளைக்குமா ஓடிப் போயி முக்கியமான வீட்டையாவது பாத்துட்டு வந்துருவம்."

"இனி எதுக்குப்பா? எல்லாரும் பாத்தாச்சு. இங்க பாருங்க, எத்தன லைக்குன்னு. இதுக்கு மேல போனா அவங்களுக்குத்தான் தொந்தரவு."

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தார். இதயங்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு தேடினார்.

"கிரேசி என்ன போட்டிருக்கா?"

"கைகூப்பிக் கும்பிடு போட்டிருக்காங்க."

"கும்பிடா போட்டிருக்கா?"

அது வர மாட்டேன் என்கிற கும்பிடு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் முழுக்க உட்கார்ந்து போன் பண்ணினார். அத்தனை பேரும் தேனாகப் பேசினார்கள். "கண்டிப்பா வாரோம் அண்ணாச்சி, நம்ம வீட்டுக் கல்யாணம்லா" என்றார்கள். பஸ் எத்தனை மணிக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. வருகிறவன் அதைத்தான் முதலில் கேட்பான் என்று இத்தனை கல்யாணத்துக்குப் போன மனிதருக்குத் தெரியாதா? மாலையில் கடைசி போனை வைத்துவிட்டு, நாசரேத் சொந்தத்துக்காகப் பேசி வைத்திருந்த பஸ்ஸை நேரத்துக்கு அனுப்பச் சொல்லி டிரைவரிடம் மட்டும் ஒருமுறை கறாராகச் சொன்னார்.

புதன்கிழமை சாத்தான்குளத்தில் கோயிலை ஜோடித்திருந்தார்கள். நேசக்குமார் வீட்டு ஆட்கள் அவர்கள் பக்கத்துப் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து, இடம் போதாமல் சுவரோரம் வரை நின்றார்கள். இந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டாருக்கு விட்டிருந்த பெஞ்சில் முதல் வரிசையில் ஜெஃப்ரியின் அம்மாவும் அவளுடைய அக்காவும். பின்னால் வரிசையாகப் பாலிஷ் போட்ட வெறும் பெஞ்சு. சுவரோரம் நின்றவர்கள் அதில் வந்து உட்காரலாம்தான். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் இடத்தில் போய் உட்கார அவர்களுக்கு மரியாதை தடுத்தது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டே இருந்தார்கள்.

செல்வதுரை சார் நடுப்பாதையில் நின்றார். வருகிறவர்களைக் கும்பிட்டு வரவேற்கத் தோதாகக் கையைக் கூப்பியபடியே நின்றார். நேசக்குமார் பக்கத்தில் வந்து மெதுவாக, "சம்பந்தி, ஆரம்பிச்சிரலாமான்னு போதகர் கேக்காவ" என்றார்.

"ஒரு அஞ்சு நிமிசம். நாசரேத் பஸ்ஸு வந்துட்டிருக்கு."

பஸ் வந்தது. ஹாரன் சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள். டிரைவர் மட்டும் இறங்கி உள்ளே வந்து, எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு, "சார், ரொம்ப நேரம் நின்னு பாத்தேன். ஒருத்தரும் ஏறல" என்றார். கூப்பின கையை சார் இறக்கவில்லை. "சாப்பிட்டுட்டுப் போணும்" என்று டிரைவரை வரவேற்றார்.

கோட்டு சூட்டில் முன்னால் நின்ற ஜெஃப்ரிக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த நிமிஷம் அவனுக்குக் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நாசரேத்துக்கு ஓடி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, உட்கார்ந்து காபி குடித்து, வாங்க, தயவு செய்து வாங்க என்று கெஞ்ச வேண்டும்போல் இருந்தது. அதற்குள் வாசலில் ஜெனிலாவின் கார் வந்து நின்றுவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

அவனுக்குப் பக்கத்தில் லிங்கராஜ் வந்தான். நடுப்பாதையில் ஸ்டாண்டில் ஒரு போனை நிறுத்தி நேரலையை ஓட்டிக்கொண்டிருந்தது அவன்தான். அதைப் பார்ப்பதற்கு இன்னொரு போனைக் கையில் வைத்திருந்தான்.

"அண்ணே, லைவ்ல கூட்டம் அள்ளுது. நாசரேத்தே உக்காந்து பாக்குதுண்ணே."

ஜெஃப்ரி வாங்கிப் பார்த்தான். பெயர்கள் மேலே ஏறிக்கொண்டே இருந்தன. போன் பண்ணினபோது தேனாகப் பேசின அத்தனை பெயரும் இருந்தன. கர்த்தர் ஆசீர்வதிப்பாராக, மாப்பிள்ளை சூப்பர், கோட்டு எங்கே எடுத்தது என்றெல்லாம் வந்துகொண்டிருந்தன. நடுவில் கிரேசி அத்தை எழுதியிருந்தாள்.

'கேமராவ மறைச்சிக்கிட்டு நிக்கது யாரு? செல்வதுரை அண்ணனா? கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. ஒண்ணும் தெரியல.'

போனை அணைக்க விரல் எந்தப் பொத்தானைத் தேடியது என்று அவனுக்கே தெரியவில்லை. அதற்குள் பின்னால் அப்பா வந்துவிட்டார். தோளுக்கு மேலாகக் குனிந்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, தங்கை எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார்.

"அப்பா" என்றான் ஜெஃப்ரி.

"இருக்கட்டும்ல" என்றார் சார்.

வெறும் பெஞ்சுகளை ஒருமுறை கடைசி வரை பார்த்தார். பிறகு, யாருக்கும் மறைத்துவிடாமல், வெள்ளைச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, சுவரோரமாகத் தள்ளி நின்றார்.

ஜெஃப்ரியின் கையில் இருந்த போனில் கிரேசி அத்தையின் அடுத்த வரி ஏறி வந்தது. 'இப்பம் நல்லாத் தெரியுது.'